முன்சீட்டில் உட்கார வேண்டியவள்

28 ஆகஸ்ட் 2025, வியாழன்.

செய்தது: லோகேஷ் சாரின் கறுப்பு வண்டிக்கு முன்பக்கம் இரண்டு பெரிய டிஸ்க், டிஸ்க்கைக் கவ்வுகிற நான்கு பிஸ்டன் காலிபர், புது பேடு, புது ஹோஸ், புது பிரேக் ஆயில்.

தவறியது: இடது காலிபரை வலது பக்கத்திலும், வலது காலிபரை இடது பக்கத்திலும் மாட்டிவிட்டேன். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும், கீழே இருந்தது. அதனால் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் காற்று உள்ளேயே நின்று, பெடல் பஞ்சுபோல அமுங்கியது. காரணம் தெரிய மதியம் ஆகிவிட்டது. தெரிந்ததும் சபாபதி அண்ணனிடம் சொன்னேன். மாற்றி மாட்டியாயிற்று, இப்போது பெடல் கல்லாக நிற்கிறது. சிறிய தவறுதான். ஆனால் மாட்டுவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டியது.

நாளை செய்ய வேண்டியது: எல்லா நட்டையும் இன்னொரு முறை பார்ப்பது. முதல் ஓட்டம்.

இப்படி எழுதச் சொன்னது மாலை வகுப்பு வாத்தியார். பகலில் எங்காவது வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படிக்க வருகிறவர்கள் எல்லோரும் அன்றன்றைக்கு எழுதிவிட வேண்டும் என்றார். மற்றவர்கள் வாரக் கடைசியில் மொத்தமாக உட்கார்ந்து, 'தவறியது' என்ற இடத்தில் வரிசையாக 'இல்லை' போட்டுவிடுவார்கள். சுகாசினிக்கு அந்த இடம்தான் முதலில் நிரம்பும். ஒரு நட்டை முறுக்கிவிட்டு வாசல்வரை போய், முறுக்கினோமா என்று திரும்பி வந்து தொட்டுப் பார்க்கிற ஜென்மம் அவள்.

அவள் வேலை பார்க்கிற இடம் சபாபதியின் மெக்கானிக் கடை. பிள்ளையார்பாளையத்தின் கோடியில், சாயப் பட்டறையைத் தாண்டி இருக்கிறது. இரண்டு பக்கமும் தறி வீடுகள். தறிச் சத்தம் நின்றால் கடையில் எல்லோரும் சாப்பாட்டுப் பையைத் தேடுவார்கள். சபாபதியின் பங்காளிகள் அத்தனை பேரும் நெசவுதான். அவருடைய அப்பா ஒருவர்தான் தறியை விட்டிறங்கி, வாடகை அம்பாசிடர்களைப் பழுது பார்க்க உட்கார்ந்தவர். கடையோடு சேர்த்து இரண்டு சட்டங்களையும் மகனுக்கு விட்டுப்போனார்.

முதல் சட்டம்: வேலை முடிந்த வண்டி சூடம் காட்டாமல் வாசலைத் தாண்டக் கூடாது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், எந்தப் பாகத்தில் வேலை நடந்ததோ அதற்குப் பொட்டு. இரண்டாவது: பிரேக் வேலை செய்த ஆள், முதல் ஓட்டத்தில் முன்சீட்டில் உட்கார வேண்டும். "தன் தலை உள்ளாற இருக்குதுன்னு தெரிஞ்சா கை ஒழுங்கா வேலை செய்யும்பா" என்பார் சபாபதி. இந்த இரண்டாவது சட்டத்தைச் சுகாசினிக்கு மிகவும் பிடிக்கும். முதல் சட்டத்திலும் அவளுக்கு ஒரு பங்கு உண்டு, எலுமிச்சம்பழம் வைப்பது அவள் வேலை. அவள் திருப்புட்குழிக்காரி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள். சேர்ந்த புதிதில், கடையின் இன்னொரு மெக்கானிக்கான சிட்டிபாபு வம்புக்கு இழுத்தான்.

"ஏம்மா, இதெல்லாம் செஞ்சா உங்க சாமி கோச்சுக்காதா?"

"நசுங்கப் போறது எலுமிச்சம்பழம்தானேண்ணா. அதுக்குத்தான் கோவம் வரணும்."

அன்றிலிருந்து யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை.

லோகேஷின் கறுப்பு வண்டி அந்தத் தெருவுக்கே கொஞ்சம் அதிகம். பட்டுக்கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. பழைய செடான் ஒன்றை வாங்கி, கோயம்புத்தூருக்கு அனுப்பி, டர்போ போட்டு, கம்பெனி கொடுத்ததைப்போல் இரண்டு மடங்கு குதிரைசக்தியை ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். ஸ்டார்ட் செய்தால் பக்கத்துத் தறிகளில் பாவு நூல் அதிர்கிறது என்று நெசவாளிகள் சண்டைக்கு வந்தார்கள். பிரேக் மட்டும் கம்பெனி போட்ட அதே சின்ன பிரேக்.

"ஓட வெச்சிட்டே. எப்படிபா நிறுத்துவே, கால ஊனியா?" என்று சபாபதிதான் முதலில் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் இந்தச் சிவப்பு காலிபரெல்லாம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்தில் அவனும் அவன் கூட்டாளிகளும் வண்டி ஓட்டப் பேர் கொடுத்திருந்தார்கள். வேலையைச் சிட்டிபாபுவிடம் கொடுக்காமல் சுகாசினியிடம் கொடுத்தார் சபாபதி. சிட்டிபாபுவுக்கு அதில் கொஞ்சம் எரிச்சல். அவளுக்கு அதைவிட அதிகமாகப் பயம்.

வெள்ளிக்கிழமை காலை ராகுகாலத்துக்கு முன்பே பூஜையை முடித்துவிட வேண்டும் என்று சபாபதி பரபரத்தார். தெரு முனையில் பந்தல் பிள்ளையாருக்கு ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. சதுர்த்திக்கு மூன்றாம் நாள். சாயங்காலம் பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு போய்க் கரைக்கிறார்கள். சுகாசினி இடது சக்கரத்தடியில் குனிந்து எலுமிச்சம்பழத்தை நிறுத்தப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது உருண்டு உருண்டு போனது. வலது பக்கம் சபாபதி பொட்டுக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, எம்மாம் பெரிசு பாருபா! சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்குது" என்ற அவருடைய குரல் வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"பின்ன? காசு அப்படிண்ணா" என்றான் லோகேஷ்.

"நெத்தி பெரிசா இருந்தா பொட்டும் பெரிசாத்தான் வெக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். சுகாசினியும் சிரித்தாள். பழம் ஒருவழியாக நின்றது. சூடம் காட்டினார்கள். லோகேஷ் ஓட்டுநர் இருக்கையில் ஏறினான். சட்டப்படி அவள் முன்சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டி, அது பூட்டிக்கொண்டதா என்று இரண்டாம் முறையும் இழுத்துப் பார்த்தாள். பழங்கள் நசுங்க வண்டி புறப்பட்டது.

ஊரைத் தாண்டி, திருப்புட்குழிப் பக்கம் நெரிசலில்லாத சாலையில் காலிபருக்குள் இருந்து உரசுகிற புது பேடுகளை டிஸ்க்கோடு பழக்க வேண்டும். கொஞ்சம் வேகமெடுத்து, முழுசாக நிற்காமல் பிரேக் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து என்று பல தடவை செய்ய வேண்டும். முதல் பிடியிலேயே அவள் உடம்பு சீட்டில் நகர்ந்தது. வண்டி இடது பக்கம் லேசாக இழுத்தது.

"சார், இழுக்குது."

"புதுசும்மா. செட் ஆவும்."

இரண்டாவது பிடி. இழுப்பு அதிகமாயிற்று. கூடவே ஒரு வாசனை. புது பேடு சூடானால் ஒரு காட்டமான நெடி வரும், அது அவளுக்குத் தெரியும். இது வேறு. எங்கோ தெரிந்த வாசனை.

லோகேஷ் மூக்கை உறிஞ்சினான். "யாரோ நெய்ப்பொங்கல் அடிப்பிடிக்க வுட்டுட்டாங்க போல."

"சார், மெதுவாப் போங்க."

"மெதுவாப் போறதுக்கா இந்த வண்டி?" என்று அவன் ஆக்சிலரேட்டரை மிதித்தான். முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ சட்டென்று ஓரம்கட்டியது. பின்சீட்டில் பூக்கூடையோடு இரண்டு பெண்கள், இந்தப் பக்கம் காலைத் தொங்கவிட்டபடி ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. லோகேஷ் முழு பலத்தோடு பிரேக்கை அழுத்தினான். வண்டி நின்றது, ஆனால் நேராக நிற்கவில்லை. மூக்கை இடதுபுறம் திருப்பிக்கொண்டு, ஆட்டோவின் பின்பக்கத்தை உரசுகிற தூரத்தில், சரளைக் கற்களில் ஒரு சக்கரத்தை இறக்கி நின்றது. தொங்கிய கால் மெதுவாக ஆட்டோவுக்குள் போனது.

லோகேஷ் ஸ்டீயரிங்கைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை.

"நேத்து மாத்திப் போட்டியே, அதானா?" என்றான் கடைசியில்.

அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கடைக்குத் திரும்பியதும் எல்லோரும் அதையே சொன்னார்கள். சபாபதி தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு எழை மாறினா மொத்தப் பொடவையும் போச்சுன்னு சொன்னனே! நேத்தே சொன்னனா இல்லியா?"

"நேத்து அத மாத்திப் போட்டுது. இன்னிக்கு எத்த மாத்திப் போட்டுச்சோ!" என்றான் சிட்டிபாபு. "சுகா, ஸ்டீயரிங்காவது சரியான பக்கம் இருக்குதா, பாத்துக்கம்மா."

நேற்று ஒரு தவறு செய்தவள் இன்று இன்னொன்று செய்யமாட்டாள் என்பதற்கு என்ன அத்தாட்சி? வண்டியை ஜாக்கியில் ஏற்றினாள். முதலிலிருந்து ஆரம்பித்தாள். நிப்பிள் இரண்டும் மேலேதான் இருந்தன. சிட்டிபாபுவைப் பெடலை மிதிக்கச் சொல்லி மறுபடி ஏர் எடுத்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை. ஹோஸ் முறுக்கிக்கொள்ளவில்லை. சக்கரங்கள் இரண்டும் தாராளமாகச் சுற்றின. டயர் காற்று இரண்டிலும் ஒன்றுதான். ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க அவளுக்குப் பயம் கூடிக்கொண்டே போனது. இனி மிச்சமிருப்பது தன் கண்ணுக்குத் தெரியாத தவறுதான் என்று தோன்றியது.

மணி நாலைத் தாண்டியபோது இடது சக்கரத்தைக் கழற்றினாள். டிஸ்க் பளிச்சென்று, புது பேடு தேய்த்த சாம்பல் நிறத்தில் இருந்தது. வலது சக்கரத்தைக் கழற்றினாள்.

டிஸ்க்கில் சுற்றிலும் ஒரு பழுப்புச் சிவப்புப் பட்டை. கண்ணாடிபோல வழுவழுவென்று. விரலால் தொட்டு மூக்கருகே கொண்டுபோனாள்.

நெய்.

காலையில் வண்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்ட சிரிப்பு இப்போது புரிந்தது. விபூதியும் குங்குமமும் இரும்பில் ஒட்டாமல் உதிர்ந்துவிடும் என்று சபாபதி அவற்றை நெய்யில்தான் குழைப்பார். அவருடைய அப்பாவும் அப்படித்தான் குழைத்தாராம். அம்பாசிடருக்கு டிரம் பிரேக். டிரம்மின் வெளிப்பக்கத்தில் எதைப் பூசினாலும் பிரேக்குக்கு ஒன்றும் ஆகாது, உரசுகிற வேலையெல்லாம் உள்ளே நடக்கும். டிஸ்க்கில் பேடு கவ்வுவதே வெளியே தெரிகிற அந்த முகத்தைத்தான். இதுவரை வந்த வண்டிகளில் சக்கரத் தட்டு டிஸ்க்கை மறைத்திருக்கும், பொட்டு அதன் மேலேயே நின்றுவிடும். இன்று அலாய் சக்கரத்தின் இடைவெளியில் கையை விட்டு, அந்த முகத்தில், பெரிய நெற்றிக்குப் பெரிய பொட்டாக வைத்திருக்கிறார். வலதுதான் மங்கலம் என்பது அவர் கணக்கு, அதனால் பொட்டு வலது சக்கரத்துக்கு மட்டும். வலது பேடு வழுக்கியது, இடது பேடு கவ்வியது, வண்டி இடதுபக்கம் திரும்பியது.

இதை எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பேடைப் பற்றிச் சொல்லலாம், நெய்யைப் பற்றிச் சொல்லலாம். ஆனால் கேட்கிறவர் காதில் விழப் போவது பொட்டைப் பற்றி. அதுவும் அவள் வாயிலிருந்து. நேற்றுத் தவறு செய்தவள், இன்றைக்குச் சாமிமேல் பழியைப் போடுகிறாள் என்று ஆகிவிடும். சொல்லாமல் துடைத்துவிட்டு, 'நட்டு ஒன்று லூசாக இருந்தது' என்று ஒப்புக்கொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள். பிறகு அந்தத் தொங்கிய கால் ஞாபகத்துக்கு வந்தது.

"ண்ணா, இங்க வாங்க."

சபாபதி வந்தார். லோகேஷும் வந்து எட்டிப் பார்த்தான்.

"காலையில நீங்க வெச்ச பொட்டு டிஸ்க்கு மேல பட்டுடுச்சிண்ணா. நெய் பேட்ல ஏறிடுச்சு. அதான் இந்தப் பக்கம் புடிக்கல."

"இன்னா சொன்னே?"

"பொட்டுல இருந்த நெய்ண்ணா."

சபாபதியின் முகம் சிவந்தது. "முப்பது வருஷமா வெக்கிறேன். எங்கப்பா அதுக்கு முன்ன வெச்சாரு. ஒரு வண்டி நிக்காம போனதில்ல. நேத்து ரெண்டையும் மாத்திப் போட்டவ இன்னிக்கு எம் பொட்டக் குத்தம் சொல்றியா?"

"பொட்டச் சொல்லலண்ணா. வெச்ச எடத்தச் சொல்றேன்."

"ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போற பொண்ணு நீ. உனுக்கு இதுல இன்னாமா தெரியும்?"

சொல்லிவிட்ட பிறகு அவருக்கே அது பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சிட்டிபாபு ஸ்பானரைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டான். பக்கத்து வீட்டுத் தறி மட்டும் டக் டக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

சுகாசினி விரலில் ஒட்டிய நெய்யைத் துணியில் துடைத்தாள். "எனக்குப் பொட்டு தெரியாதுண்ணா. பேடு தெரியும். இத மாத்தணும். ஒரு பக்கம் மட்டும் மாத்தினா மறுபடி இழுக்கும், ரெண்டு பக்கமும் மாத்தணும். சென்னையிலதான் கெடைக்கும். வண்டி இன்னிக்குப் போவக் கூடாது."

"விளையாடாதம்மா" என்றான் லோகேஷ். "சாயங்காலம் பசங்க எல்லாம் வண்டியப் பாக்க வராங்க. நாளைக்கு நான் மெட்ராஸ் போவணும். ண்ணா, ஏதாவது பண்ணுங்க."

"துடைச்சாப் போச்சு" என்றார் சபாபதி. "பெட்ரோல்ல துணிய நனைச்சு டிஸ்க்கையும் பேடையும் நல்லா துடைச்சு மாட்டு. சாயங்காலம் எடுத்துக்கினு போவட்டும்."

"மேலாகத் துடைச்சாப் போவாதுண்ணா. பேடு நெய்யக் குடிச்சிருக்குது. சூடு ஏறினா மறுபடி கக்கும்."

"நீ பாத்தியா?"

அவள் பார்த்ததில்லை. வகுப்பில் வாத்தியார் சொன்னதுதான். பேடு எண்ணெய் குடிக்கும் என்று அவர் சொன்னார், நெய்யைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை. எப்போதும்போல் உள்ளே ஒரு குரல், 'ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ?' என்றது. அந்தக் குரலை அவளுக்கு நன்றாகத் தெரியும். அதோடுதான் தினமும் குடித்தனம் நடத்துகிறாள்.

"பாத்ததில்ல" என்றாள். "ஆனா நான் முன்சீட்ல உக்கார மாட்டேன்."

"இன்னாது?"

"பிரேக் போட்ட ஆளு முன்சீட்ல உக்காரணும்னு நீங்கதானே சொன்னீங்க? போட்டது நான். நான் ஏற மாட்டேன். அப்ப வண்டி போவக் கூடாது. உங்க சட்டம்தாண்ணா."

சிட்டிபாபு நிமிர்ந்து பார்த்தான். தன் அப்பாவின் ஒரு சட்டத்தை வைத்து இன்னொரு சட்டத்தை ஒருத்தி மடக்குவாள் என்று சபாபதி எதிர்பார்க்கவில்லை.

"ஏறாட்டி போ. நான் உக்காந்துக்கிறேன்" என்றார். "சிட்டிபாபு! துடைச்சு மாட்டுறா."

சிட்டிபாபு பெட்ரோல் டப்பாவை எடுக்கப் போனான். தெரு முனையில் பறைமேளம் தொடங்கியது. பிள்ளையார் வண்டியில் ஏறுகிறார் என்று அர்த்தம். இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரு நிறையக் குழந்தைகள் ஆடிக்கொண்டு போகும். இந்த வண்டி வெளியே போக வேண்டியதும் அதே தெருவில்தான்.

சுகாசினி கீழே உட்கார்ந்தாள். காலிபரின் பின்னை உருவினாள். வலது பக்கத்து பேடு இரண்டையும் வெளியே இழுத்தாள். தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மிச்சமிருந்த புளிச்சோற்றை வாசலில் நின்ற நாய்க்குத் தட்டிவிட்டு, பேடுகளை உள்ளே வைத்து மூடினாள். டப்பாவைப் பையில் போட்டு, பையைத் தோளில் மாட்டினாள்.

"எங்க போறே?" என்றார் சபாபதி.

"கிளாஸுக்குண்ணா. நேரமாயிடுச்சு."

"பேட வெச்சிட்டுப் போ!"

"மாட்டேண்ணா."

"வேல வேணுமா வேணாமா உனுக்கு?"

"வேணும். அதனாலதான்."

சபாபதி சொன்ன அடுத்த வார்த்தை மேளச் சத்தத்தில் அமுங்கிப்போனது. அவள் படியிறங்கும்போது லோகேஷ் குறுக்கே வந்தான். குரலைத் தாழ்த்திக் கேட்டான். "ஏம்மா, நெஜமாவே போவக் கூடாதா?"

"ஓட்டினது நீங்கதானே சார். உங்க கைக்குத் தெரியலியா?"

அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டான். வழிவிட்டான்.

வகுப்பில் வாத்தியார் கரும்பலகையில் கியர் படம் போட்டுக்கொண்டிருந்தார். சுகாசினிக்கு ஒன்றும் ஏறவில்லை. முதலாளியின் பொருளைத் திருடிக்கொண்டு வந்திருக்கிறோமா என்று ஒரு யோசனை. துடைத்திருந்தால் போயிருக்குமோ, வீணாக ஒரு மனுஷனை அவர் கடையில் வைத்தே அவமானப்படுத்திவிட்டோமோ என்று இன்னொரு யோசனை. தன் வாயிலிருந்து 'மாட்டேன்' என்ற சொல் இத்தனை முறை வந்ததே இல்லை. இன்றைக்கு வந்ததே தப்பாக இருந்துவிட்டால்?

செய்முறைக் கூடத்துக்குப் போனதும், வாத்தியாரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு டப்பாவைத் திறந்தாள். சபாபதி சொன்னதையே முதலில் செய்தாள். துணியைப் பெட்ரோலில் நனைத்து ஒரு பேடைத் துடைத்தாள். வேண்டுமென்றே, அவர் சொல்வது சரியாகிவிட்டாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு, நன்றாகத் துடைத்தாள். முகம் காய்ந்து, மங்கி, புதிதுபோலவே ஆகிவிட்டது. மூக்கில் வைத்தால் பெட்ரோல் வாடை தவிர ஒன்றுமில்லை. பெட்ரோல் முழுக்க ஆறும்வரை காத்திருந்து, இடுக்கியில் பிடித்து, கேஸ் டார்ச்சைக் கொஞ்சம் தள்ளிக் காட்டினாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, வியர்வை அரும்புவதுபோல் பேடின் முகத்தில் பொட்டுப் பொட்டாக ஈரம் கிளம்பியது. ஒன்றோடொன்று சேர்ந்து பழுப்பாக மினுங்கியது. லேசாகப் புகைந்தது. அடிப்பிடித்த நெய்ப்பொங்கல் வாசனை கூடம் முழுக்கப் பரவியது.

"யாருப்பா அது, டிபன் பண்றது?" என்றான் பின்னால் நின்ற ஒருவன்.

சுகாசினி டார்ச்சை அணைத்துவிட்டுச் சத்தமில்லாமல் சிரித்தாள்.

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது வாசலில் சபாபதி மொபெட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். சட்டையில் பிள்ளையார் ஊர்வலத்தின் ரோஜா நிறப் பொடி. அவளைப் பார்த்ததும் கையை நீட்டினார்.

"குடு."

"வண்டி எங்கண்ணா?"

"கடையிலதான் நிக்குது, ஜாக்கி மேல. லோகேஷ் ஆட்டோ புடிச்சு வூட்டுக்குப் போயிட்டான். போவும்போது 'ண்ணா, அந்தப் பொண்ணு கிட்ட வம்பு வெச்சுக்காதீங்க'ன்றான். என் கடையில வந்து எனுக்கே!" என்று பொருமினார். "குடும்மா, பேட."

அவள் டப்பாவைத் திறந்து, சூடுகாட்டிய பேடை எடுத்து, கைக்குட்டையில் வைத்துக் கொடுத்தாள். "இது நீங்க சொன்ன மாதிரியே பெட்ரோல்ல துடைச்சதுண்ணா. அப்புறம் சூடு காட்டினேன்."

சபாபதி தெருவிளக்கின் கீழ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் தடவினார். விரலை மூக்கருகே கொண்டுபோனார். தூரத்தில் மேளம் தேய்ந்துகொண்டே போனது.

"நல்ல நெய்" என்றார் கடைசியில்.

"ஆமாண்ணா."

"நெய்யில கொழைக்காட்டி நிக்காது."

"நிக்க வேண்டியது வண்டிதானேண்ணா."

அவர் முறைத்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. வழக்கமாகத் தாழ்த்திவிடுவாள்.

"சர்ச்சு அது இதுன்னு ஏதோ சொல்லிட்டேன்" என்று மொபெட்டின் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். "சொல்லியிருக்கக் கூடாது."

"சொல்லியிருக்கக் கூடாதுதாண்ணா."

பரவாயில்லை என்று அவள் சொல்வாள் என எதிர்பார்த்திருப்பார்போல. அவள் சொல்லவில்லை. அவர் பேடைக் கைக்குட்டையோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை உதைத்தார். புறப்படும் முன் திரும்பினார்.

"ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். நாளைக்கும் பொட்டு வெப்பேன். வெக்காம ஒரு வண்டிய அனுப்ப மாட்டேன். நீ இன்னா சொன்னாலும் கேக்க மாட்டேன்."

"வெய்யுங்கண்ணா. எந்த எடத்துல வெக்கலாம்னு நான் சாக்பீஸ்ல வட்டம் போட்டு வெக்கிறேன். வட்டத்துக்கு வெளிய போனா நான் ஏற மாட்டேன்."

"எனுக்கே வட்டம் போடறியா?"

"போடறேண்ணா."

மொபெட் கோபமாகச் சத்தம் போட்டுக்கொண்டு போனது. வளைவில் திரும்பும்போது அவர் தோள் குலுங்கியது. சிரிப்பா, குண்டும் குழியுமான சாலையா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரத்தில், நிழற்குடையின் விளக்கில் நோட்டை மடியில் வைத்து எழுதினாள்.

29 ஆகஸ்ட் 2025, வெள்ளி.

செய்தது: முதல் ஓட்டம். வண்டி இடதுபக்கம் இழுத்தது. காரணம், வலது டிஸ்க்கில் நெய். துடைத்த பேடைச் சூடுகாட்டிப் பார்த்ததில் நெய் மறுபடி வெளியே வந்தது. வண்டியை வெளியே விடவில்லை.

தவறியது: பூஜை நடக்கும்போது நான் இடது பக்கத்திலேயே குனிந்திருந்தேன். வலது பக்கம் வந்து பார்க்கவில்லை. வண்டி இழுத்தபோதே நிறுத்தச் சொல்லாமல், மெதுவாகப் போகச் சொன்னேன். பேடைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனதை இங்கே எழுத வேண்டுமா என்று யோசித்தேன். அது தவறில்லை.

நாளை செய்ய வேண்டியது: காலை முதல் பஸ்ஸில் சென்னை போய் முன்பக்கத்துக்கு நான்கு புது பேடு வாங்கி வருவது. இரண்டு டிஸ்க்கையும் கழற்றிக் கழுவுவது. வலது சக்கரத்தின் ரிம்மில் சாக்பீஸால் வட்டம் போடுவது. பிறகு முன்சீட்டில் உட்காருவது.